ஒசாகாவில் தெருச் சாப்பாட்டுக்குக் கைடு பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"உள்ளூர்க்காரருடன் டோட்டன்போரி தெருச் சாப்பாடு, சாப்பாட்டுச் செலவு கட்டணத்தில் அடக்கம்" என்று ஆன்லைனில் ஏகப்பட்ட டூர்கள் கிடைக்கின்றன. டோட்டன்போரி ஒசாகாவின் பிரபலமான சாப்பாட்டுக் கடைப் பகுதி. எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் போனது படு மோசம். தலைக்கு 12,000 யென்.

முதலில் டகோயாகி, அதாவது ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் மாவு உருண்டை. ஒரு தட்டுக்கு எட்டு. குழுவில் நாங்கள் ஏழு பேர். கைடு வாங்கியது ஒரே தட்டு. ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு எட்டாவதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கடைப் பலகையில் அந்தத் தட்டின் விலை 700 யென்! அடுத்து குஷிகட்சு, குச்சியில் குத்திப் பொரித்த அயிட்டம். அதிலும் ஆளுக்கு ஒரு குச்சிதான்.

என் மனைவி சைவம். பணம் கட்டும்போதே அதை எழுதியிருந்தோம், "சைவம் உண்டு" என்று பதிலும் வந்தது. அவருக்கென்று வந்த ஒகோனோமியாகியின் (முட்டைக்கோஸ் கலந்த மாவு அடை) மேல் மரச்சீவல் போல ஏதோ ஆவியில் நெளிந்துகொண்டிருந்தது. உலர்ந்த மீனைச் சீவிய காட்சுவோபுஷி. கேட்டதும் கைடு சிரித்துக்கொண்டே சாப்ஸ்டிக்கால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இப்போது சைவம்" என்றார். மாவைக் கரைப்பதே பெரும்பாலும் டாஷி என்கிற மீன் சாறில்தான். மேலே தூவியதைத் தள்ளிவிட்டால் ஆயிற்றா? சாப்பாட்டு டூர் நடத்துகிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

அப்புறம்தான் உண்மையான வேலையைக் காட்டினார். கடைசிக் கடை என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போய் மாடியில் உட்கார வைத்தார். மெனுவில் விலையே இல்லை. "இதுவும் அடக்கம்தானே?" என்று கேட்டேன், தலையாட்டினார். வாக்யூ என்கிற ஜப்பானிய மாட்டிறைச்சி வந்தது, நாங்கள் கேட்காத இறாலும் வந்தது. போன் பேச இறங்கிப் போனவர், பில் வந்த பிறகுதான் மேலே ஏறி வந்தார். ஐந்து இலக்க பில். கேட்டால், "தெருக்கடைகள் மட்டும்தான் அடக்கம், இது ஸ்பெஷல்" என்கிறார். உட்கார்ந்ததும் வைக்கும் சின்னக் கிண்ணத்துக்கு, ஒடோஷி என்று 300, 500 யென் போடுவது அங்கே மதுக்கடைகளில் வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. அதற்கு மேல் சர்வீஸ் என்று 20 சதவீதம் போட்டிருந்தார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளிநாட்டவருக்கு மொழிபெயர்த்து ஊர் சுற்றிக் காட்டிக் காசு வாங்க, முன்பெல்லாம் ஜப்பானில் அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 2018 ஜனவரியில் சட்டம் மாறியது, இப்போது யார் வேண்டுமானாலும் கைடு ஆகலாம். உரிமம் பெற்றவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் பதிவுச் சான்று இருக்கும். பயணிகளைக் கடைக்குக் கூட்டிப்போனதற்காகக் கடைக்காரரிடம் கமிஷன் கேட்க அவர்களுக்குச் சட்டப்படி தடை. எனவே பணம் கட்டும் முன் சான்று இருக்கிறதா, எந்தெந்தக் கடை, ஆளுக்கு எவ்வளவு சாப்பாடு, எதற்குத் தனிக்காசு என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். டோட்டன்போரியில் பெரும்பாலான கடைகளில் படமும் விலையும் போட்டே வைத்திருக்கிறார்கள், விரலை நீட்டிக் காட்டினால் போதும், கைடே தேவையில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாஷி இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டூரை விற்ற தளத்தில் பில்லின் படத்தோடு புகார் போட்டேன். பணம் திரும்பவில்லை, மன்னிப்புடன் ஒரு கூப்பன் வந்தது. அதே கைடின் டூருக்கு மட்டும்தான் செல்லுமாம்.