காளவாசல் ஆங்கில இலக்கண வகுப்பு: டென்ஸ் அருமை, புரோநவுன் அவசரம்

மதுரை காளவாசல் பகுதியில், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகப் பயிற்சி மையம் ஒன்று நடத்திவரும் ஆங்கில இலக்கண மாலை வகுப்பை அண்மையில் முடித்தேன். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்தம் என்பதால், பிழை கண்டறியும் பயிற்சிக்கே இங்கு முதலிடம்.

டென்ஸ் (வினையின் காலம்) நடத்தும் விதத்துக்காகவே இவ்வகுப்பில் சேரலாம். ஆசிரியை பன்னிரண்டு வடிவங்களையும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. பலகையில் ஒரு நீண்ட கோடு இழுத்து, 'இப்போது' என ஒரு புள்ளி வைத்து, வாக்கியத்தில் வரும் செயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மாணவர்களையே குறிக்க வைக்கிறார். உசிலம்பட்டியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதியபோது, அந்தச் செயலைக் கோட்டில் வரையச் சொன்னார். ஐந்தாண்டுக்கு முன் தொடங்கிய கோடு இன்றுவரை நீண்டதும் 'ஹேவ் பீன் லிவிங்' என்று அந்த மாணவரே திருத்தினார். சின்ஸ் தொடக்கப் புள்ளிக்கு, ஃபார் கால அளவுக்கு என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. 'வீ ரீச்டு தி ஸ்டேஷன்' என்பதற்கு முன்பே வைகை எக்ஸ்பிரஸ் புறப்பட்டிருந்தால் 'ஹேட் லெஃப்ட்' வேண்டும், ஆனால் 'பிஃபோர்' என்ற சொல்லே வரிசையைக் காட்டிவிடும் இடத்தில் 'லெஃப்ட்' என்றாலும் தவறில்லை என்று ஆசிரியை சேர்த்துச் சொன்னது, வழிகாட்டி நூல்களில் எளிதில் கிடைக்காத நேர்மை.

அந்த நேர்மை, 'ஒருவரையொருவர்' என்ற பொருள் தரும் ரெசிப்ரோக்கல் புரோநவுனில் காணாமல் போனது. இருவர் என்றால் 'ஈச் அதர்', அதற்கு மேல் 'ஒன் அனதர்' என்ற விதியோடு பாடம் முடிந்துவிட்டது. தேர்வில் மதிப்பெண் பெற அது உதவலாம். ஆனால் அந்த வேறுபாட்டால் பயனும் இல்லை, வரலாற்று ஆதாரமும் இல்லை என்று ஆங்கிலச் சொல்வழக்கு நூலாசிரியர் ஃபவுலர் 1926இலேயே எழுதிவிட்டார். உண்மையில் பலர் தடுமாறும் இடம் வேறு: 'தே பிளேம்டு தெம்செல்வ்ஸ்' என்றால் அவரவர் தம்மையே பழித்துக்கொண்டனர், 'தே பிளேம்டு ஈச் அதர்' என்றால் ஒருவரையொருவர் பழித்தனர். இதற்கு ஒரு பயிற்சிகூட இல்லை. போதாக்குறைக்கு, அச்சிட்டுத் தந்த தாளில் 'ஈச் அதர்ஸ்' என்பதன் அபாஸ்ட்ரஃபி 'எஸ்'ஸுக்கு முன் வராமல் பின்னால் நிற்கிறது. சுட்டிக்காட்டிய பிறகும் அதே தாளைத்தான் கொடுத்தார்கள்.

மாலை வகுப்பில் கூட்டம் அதிகம், ஐயம் கேட்க நேரம் கிடைப்பதில்லை. வாய்ப்புள்ளவர்கள் காலை வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.