110 ஃப்ளெக்ஸ் ஸ்டிக் வாங்கி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்

ஐஸ் ஹாக்கில டிஃபென்ஸ் ஆடுறவங்களுக்குன்னே செஞ்சதுன்னு ஒரு கார்பன் ஸ்டிக், கம்பெனி பேர் வேணாம் விடுங்க, ஏழு வாரம் யூஸ் பண்ணேன். ஏன் ஏழு வாரம் மட்டும்னு கீழ வருது.

முதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கறேன், நான் இத வாங்கினதுக்கு ஒரே காரணம் ஸ்டெனோ சாரா. ஐஸ் ஹாக்கி பாக்குறவங்களுக்கு சொல்லவே வேணாம், 6 அடி 9 இன்ச் மனுஷன், ஸ்லோவாக்கியால ட்ரென்சின் ஊர்க்காரர். 1996 டிராஃப்ட்ல, அதாவது NHL டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்கறதுல, 56வது ஆளாதான் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தாங்க, 2001ல அலெக்ஸி யாஷின் வேணும்னு ஒட்டாவா கிட்ட இவரையும் கூடவே அந்த வருஷ டிராஃப்ட்ல ரெண்டாவதா ஆள் எடுக்கற உரிமையையும் சேத்து தூக்கிக் குடுத்துட்டாங்க, நெய்ப்பானைய குடுத்துட்டு மோர்ச்சட்டிய வாங்கின கதைதான் அது. அப்புறம் 2006ல பாஸ்டன் கேப்டன், 2009ல சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் டிராஃபி, 2011ல ஸ்டான்லி கப்பு. 2012 ஆல் ஸ்டார் ஸ்கில்ஸ்ல அடிச்சாரு பாருங்க ஒரு ஷாட், மணிக்கு 108.8 மைல், அந்த வீடியோவ நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. அவர் ஸ்டிக் ஃப்ளெக்ஸ், அதாவது விறைப்பு அளவு, 150க்கு மேலன்னு எங்கயோ படிச்சேன், அவ்ளோதான், 85 கைல எடுத்தவன் அத கீழ வச்சுட்டு 110ஐ தூக்கிட்டு வந்துட்டேன்.

இங்கதான் தப்பு. ஃப்ளெக்ஸ் 110னா ஸ்டிக்க ஒரு இன்ச் வளைக்க கிட்டத்தட்ட 110 பவுண்டு அழுத்தம் வேணும்னு அர்த்தம். நம்ம உடம்பு எடைய பவுண்டுல எடுத்து அதுல பாதி, அதான் பொதுவா சொல்ற கணக்கு. சாரா 250 பவுண்டு, அவர் அந்த கணக்கையும் தாண்டினவர். நான் 165. இது போதாதுன்னு ஸ்டிக் என் தாடைக்கு மேல வருதேன்னு மேல ரெண்டு இன்ச் அறுத்தேன், அறுத்தா ஸ்டிக் இன்னும் விறைப்பாகும்ங்கற விஷயம் அறுத்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. கடைசில நான் கைல வச்சிருந்தது ஸ்டிக் இல்ல, கடப்பாரை.

எதிர் டீம் பக்கத்து ப்ளூ லைன்ல இருந்து ஸ்லாப் ஷாட், அதாவது ஸ்டிக்க ஓங்கி அடிக்கற ஷாட், அடிச்சா என்ன ஆகணும், பிளேடு (ஸ்டிக்கோட அடித்தட்டு) பக்குக்கு (பந்துக்கு பதிலா இருக்கற ரப்பர் வட்டு) கொஞ்சம் முன்னாடியே ஐஸ்ல இடிச்சு, ஷாஃப்ட், அதாவது நீளக் கம்பு, வளைஞ்சு, அந்த வளைவு நிமிரும்போதுதான் பக்கு பறக்கும். எனக்கு வளையவே இல்ல. ஐஸ்ல டங்குனு இடிக்குது, அந்த அதிர்ச்சி நேரா மணிக்கட்டுல ஏறுது, பக்கு பாட்டுக்கு தரையோட உருண்டு போகுது. கோலி, அதான் கோல்கீப்பர், அத பிளேடால நிறுத்திட்டு என்ன ஒரு பார்வ பாத்தாரு, அத விட திட்டியிருக்கலாம். பாஸ் வாங்குறதும் கஷ்டம், பக்கு பட்டதும் செவுத்துல பட்ட பந்து மாதிரி எகிறி ஓடிருது.

ஆனா நல்லதையும் சொல்லிடறேன், போக் செக்குக்கு, அதாவது ஸ்டிக்க நீட்டி எதிராளிகிட்ட இருந்து பக்க தட்டி விடுறதுக்கு, இந்த ஸ்டிக்க அடிச்சுக்க ஆளில்ல. ஒருத்தன் பக்கோட வேகமா வரான், நாம அவன பாத்தபடி பின்பக்கமா சறுக்கிட்டு ஒரு கைய நீட்டி ஸ்டிக்க விடுறோம், அப்ப இந்த விறைப்பு கை குடுக்குது, அவன் ஸ்டிக்க இதுல சாத்தினாலும் அசையாது. கோல் முன்னாடி நிக்கிறவன் ஸ்டிக்க தூக்கி விடுறதுக்கும் சூப்பர். யோசிச்சுப் பாத்தா டிஃபென்ஸ்மேனுக்கு முக்கால்வாசி வேல இதுதான். ஸ்வீடன் டிஃபென்ஸ்மேன் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் பெருசா யாரையும் மோதித் தள்ளல, ஸ்டிக்க சரியான எடத்துல வச்சே டெட்ராய்ட்ல 20 சீசன், 7 நாரிஸ், 4 கப்புன்னு முடிச்சாரு. சாராவுக்கும் பலம் அந்த 108.8 மட்டும் இல்ல, ரீச். ரூல்படி ஸ்டிக் 63 இன்ச்தான், உயரமானவங்களுக்கு ஸ்பெஷல் பர்மிஷன்ல 65 வரைக்கும் விடுவாங்க, அவர் கையும் அந்த ஸ்டிக்கும் சேந்தா எதிராளி சுத்திட்டு போக எடமே இருக்காது. டிஃபென்ஸ்மேன்லயே அதிகமா 1680 மேட்ச் ஆடினாருன்னா சும்மா இல்ல. நான் வீடியோ பாத்தப்ப இதெல்லாம் கண்ணுல படல, ஷாட் மட்டும்தான் பட்டுச்சு.

இப்ப ஏழாவது வாரம். அதுக்கு முன்னாடியே ஷாஃப்ட் கீழ் பக்கம் பெயிண்ட் உரிஞ்சு மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்துச்சு, நான் டேப்ப சுத்தி மறைச்சுட்டேன், யார ஏமாத்தினேன்னு தெரியல. எங்க டீம் ஒரு கோல் பின்னாடி, எனக்கு பக்கு வருது, கோலி முன்னாடி கூட்டம், இதவிட நல்ல சான்ஸ் வராதுன்னு ஓங்கி அடிச்சேன். ஸ்டிக் ரெண்டா போச்சு. பிளேடு பறந்துச்சு, பக்கு அங்கயே கெடந்துச்சு, எதிர் டீம் ஆளு அத எடுத்துட்டு தனியா போறான். நான் பதட்டத்துல கைல இருந்த பாதிக் குச்சியோட அவன் பின்னாடி ஓடினேன். உடஞ்ச ஸ்டிக்க உடனே கீழ போடணும், கைல வச்சு ஆடினா ரெண்டு நிமிஷம் வெளிய, இது எனக்கு தெரியாததா என்ன, ஆனா அந்த நேரத்துல எவனுக்கு ஞாபகம் வரும். கோலும் விழுந்து, பெனால்டி பாக்ஸ்ல நான் உக்காந்திருக்கேன்.

வாரன்டி 30 நாள்தானாம். கம்பெனிக்கு எழுதினேன், அறுத்த ஸ்டிக்குன்னா 30 நாளுக்குள்ள வந்தாலும் பாக்க மாட்டோம்னு பதில் வந்துச்சு. அந்த கண்டிஷன் டப்பா மேல எங்கயும் இல்லீங்க, அதான் கடுப்பு.

210, 220 பவுண்டு இருக்கற ஆளுங்க, நெறைய பெனால்டி கில் (நம்ம ஆள் ஒருத்தர் பெனால்டில வெளிய இருக்கறப்ப தடுத்து ஆடறது) ஆடுறவங்க, தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு நாலு குடுப்பேன். என்ன மாதிரி ஆளுக்கு ரெண்டு, அதுவும் போக் செக்குக்காக. இப்ப 85 ஃப்ளெக்ஸ், நடுவுல வளையற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கேன், பேக்ஹேண்ட் பாஸும் நேரா போகணும்னு பிளேடு வளைவும் கம்மியாதான் எடுத்தேன், முதல் நாளே பக்கு முழங்கால் உயரத்துக்கு எழும்புச்சு. பழைய ஸ்டிக்கோட மேல் பாதிய ரெண்டு ஆணி மேல வச்சு ஈர ஸ்கேட்ட காயப் போடுறேன், ரெண்டு ஜோடி தொங்கியும் ஒரு இன்ச் வளையல.