ஈரல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க: அல்ட்ராசவுண்டா, ரத்தப் பரிசோதனையா, எம்ஆர்ஐயா?

ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருப்பவர்களிடம் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். சாதாரண அல்ட்ராசவுண்ட் போதுமா? செலவானாலும் எம்ஆர்ஐ எடுத்துவிடலாமா? ரத்தத்திலேயே தெரிந்துவிடாதா?

எதை வைத்து ஒப்பிடுவது? கட்டியின் அளவை வைத்துத்தான். ஈரலில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலியும் எடை குறைவும் வரும்போது பெரும்பாலும் கட்டி வளர்ந்திருக்கும். 2, 3 செ.மீ. அளவில் கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சூட்டில் பொசுக்கலாம். ஈரல் மாற்று சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய 1996 முதல் இருக்கும் மிலான் அளவுகோலும் இதைத்தான் பார்க்கிறது: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, மருந்து ஏற்ற வேண்டாம், சின்ன ஊரிலும் கிடைக்கும். ஆனால் பார்ப்பவரின் கையையும் கண்ணையும் நம்பிய பரிசோதனை இது. வெறும் வயிற்றில் படுக்க வைத்து, ஜெல் தடவி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்வது சும்மா இல்லை. ஈரலின் மேல் பகுதி விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். மூச்சை இழுத்தால்தான் கீழே இறங்கிக் கண்ணுக்குப் படும். சுருங்கிய ஈரல் ஏற்கெனவே மேடும் பள்ளமுமாக இருப்பதால் சின்னக் கட்டியைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த அலசலில், ஆரம்ப நிலைப் புற்றுநோயை அல்ட்ராசவுண்ட் மட்டும் 45 சதவீதம்தான் பிடித்தது. ஏஎஃப்பி (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், ஈரல் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தபோது அது 63 ஆனது.

சரி, ஏஎஃப்பி மட்டும் போதாதா? போதாது. ஆரம்பக் கட்டிகள் பலவற்றில் அது ஏறவே ஏறாது. புற்றுநோய் இல்லாமல் ஹெபடைடிஸ், அதாவது ஈரல் அழற்சி, கிளம்பினாலும் ஏறும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. ஆனால் ஒரு எண்ணைவிட வரிசைதான் அதிகம் சொல்லும்: 6, 9, 17 என்று ஏறிக்கொண்டே போனால் வரம்புக்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஏஎஃப்பியைச் சேர்ப்பதால் பொய் எச்சரிக்கைகள் கூடத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

சிடியை வழக்கமான கண்காணிப்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கதிர்வீச்சு வருடா வருடம் சேரும், ஏற்றும் மருந்து சிறுநீரகத்துக்கும் சுமை. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு ஒரு சிடியைவிட ஆறு மாத அல்ட்ராசவுண்ட் குறைந்த செலவில் சற்று நன்றாகவே வேலை செய்தது.

எம்ஆர்ஐ நிஜமாகவே கூர்மையானது. தென்கொரியாவில் ஆபத்து அதிகமுள்ள 407 சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை இரண்டு பரிசோதனைகளையும் செய்து பார்த்தார்கள். முடிவு 2017இல் வந்தது. ஈரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் மருந்தை ஏற்றி எடுத்த எம்ஆர்ஐ 86 சதவீதப் புற்றுநோயைப் பிடித்தது, அல்ட்ராசவுண்ட் 28 சதவீதத்தை மட்டுமே. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் எல்லோருக்கும் எம்ஆர்ஐ ஏன் இல்லை? செலவும் நேரமும் அதிகம். குழாய்க்குள் படுத்துத் திரும்பத் திரும்ப மூச்சைப் பிடிக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அது பெரும்பாடு, படமும் கலங்கும். இந்தச் சிரமத்தால் ஒரு முறை தள்ளிப்போட்டால் அந்தக் கூர்மையால் என்ன பயன்?

ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொற்று இருந்த 18,816 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அங்கே பயன்படுத்தியது அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சொன்ன பரிசோதனைகளில் பத்துக்கு ஆறைக்கூட அவர்கள் முழுசாக முடிக்கவில்லை. அப்படியும் ஈரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லதா என்று பிரான்சில் சோதித்தார்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் கூடுதலாகத் தெரிந்தன, மற்றபடி லாபம் இல்லை.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு என் தேர்வு ஆறு மாத அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும். உடல் பருமனும் கொழுப்பு ஈரலும் உள்ளவர்களின் கதை வேறு. ஒலி அலை ஆழத்துக்கு இறங்காது. "ஈரல் சரியாகத் தெரியவில்லை" என்ற வரி ரிப்போர்ட்டில் இருந்தால், "கட்டி இல்லை" என்ற அடுத்த வரிக்கு மதிப்புக் குறைவு. அவர்கள் எம்ஆர்ஐயைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஹெபடைடிஸ் சி மாத்திரையில் குணமானாலும், சிரோசிஸ் வந்திருந்தால் கண்காணிப்பை நிறுத்தக் கூடாது. ஹெபடைடிஸ் பி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதுக்கு மேலும் பெண்களுக்கு 50க்கு மேலும், சிரோசிஸ் இல்லாவிட்டாலும் இது வேண்டும்.

அப்புறம், ஸ்கேனில் 1 செ.மீ. அல்லது அதைவிடப் பெரிய முடிச்சு தெரிந்தால், மருந்து ஏற்றிய சிடியோ எம்ஆர்ஐயோ உடனே எடுக்க வேண்டும். அதைவிடச் சின்னது என்றால் மூன்று மாதம் போல விட்டு அல்ட்ராசவுண்டைத் திரும்பப் பார்ப்பார்கள். அந்தத் தேதியை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.