முயல் புழுக்கையா, கோழி எருவா, சாணமா?

முயல் வளர்ப்பவரைக் கேட்டால், செடிக்கு முயல் புழுக்கையை மிஞ்சியது இல்லை என்பார். கோழி வளர்ப்பவரும் கோழி எருவைப் பற்றி அதையேதான் சொல்வார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு.

சத்துக் கணக்கில், புதிய முயல் புழுக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஈரச் சாணத்தில் அரை சதவீதம்தான், ஏனென்றால் அதில் 80 சதவீதம் போலத் தண்ணீர். கோழி எரு காய்ந்துவிட்டால் முயலையும் முந்திவிடும். ஆனால் சத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எடுத்த கையோடு செடிக்குப் போடலாமா என்பதுதான் வீட்டுத் தோட்டக்காரருக்கு முக்கியம். முயல் ஜெயிப்பது இங்கேதான்.

கோழி சிறுநீர் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் படியும் அந்த வெள்ளைப் பூச்சுதான் அதன் சிறுநீர். அதிலுள்ள யூரிக் அமிலம் சீக்கிரம் அம்மோனியாவாக மாறி வேரைக் கருக்கிவிடும். அதனால்தான் கோழி எருவைச் 'சூடு' என்கிறோம். சில மாதம் மட்கவிட்டே ஆகவேண்டும். முயல் அப்படி இல்லை, புழுக்கை வேறு, சிறுநீர் வேறு. உருண்டைகளை மட்டும் பொறுக்கி, தொட்டி மண்ணில் ஒரு கைப்பிடி கலந்தால் செடி வாடாது. மண்புழுவும் தயங்காமல் வந்து தின்னும்.

ஆனால் கூண்டின் அடித்தட்டை அப்படியே கவிழ்த்தால் கதை வேறு. சிறுநீரில் ஊறிய வைக்கோலும் புழுக்கையும் கலந்தது, கிட்டத்தட்ட கோழி எரு மாதிரிதான். முயல் எரு போட்டும் செடி கருகியது என்பவர்களில் பலர் செய்த தவறு இதுவாகத்தான் இருக்கும். அந்தக் கலவையை மட்கு குழிக்கு அனுப்புங்கள். அங்கே அது அருமையான சரக்கு.

ஆட்டுப் புழுக்கையும் உருவத்தில் முயலுடையதைப் போலத்தான். ஆனால் கெட்டி, கரைய நாளாகும். கண்டதையும் மேய்வதால் களை விதையும் கூடவே வரும்.

சரி, சாணத்துக்கு இடமே இல்லையா? உண்டு, அளவில். வளர்ந்த முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 உருண்டை போடும். கேட்க நிறையத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாமே பட்டாணி அளவு! பத்துத் தொட்டிக்குத் தாராளம். ஒரு பாத்தி முழுக்க மண்ணைப் பொலபொலவென்று ஆக்க வேண்டுமென்றால் மட்கிய சாணம்தான் கட்டுப்படியாகும்.

கீரை, கேரட் போல மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாகத் தின்பவற்றுக்கு மட்காத எரு எதுவானாலும் எச்சரிக்கை வேண்டும், முயலுடையதும்தான். கிருமிகளுக்காக அமெரிக்க இயற்கை வேளாண் விதி கேட்கும் இடைவெளி, எரு போட்டதிலிருந்து அறுவடை வரை 120 நாள். இந்த வகைப் பயிருக்கு நான் மட்கிய எருவைத்தான் போடுவேன்.

இன்னொன்று, முயல் தின்னும் உலர்புல்லைப் பற்றியது. வயலில் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்திருந்தால், அது வயிற்றைக் கடந்து புழுக்கையிலும் வந்துவிடும். மட்கினாலும் எளிதில் போகாது. தக்காளிக்கும் அவரைக்கும் அது ஆகாது. புல் எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது, அந்தப் புழுக்கை கலந்த மண்ணில் நாலு அவரை விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். இலை சுருண்டு முறுக்கினால் அந்த எருவைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.