டெபியனின் கணிதப் பேக்கேஜ்கள்: எதை அப்படியே நம்பலாம், எதற்கு வேறு வழி பார்க்கலாம்

பாரி, கேப், மேக்சிமா, ஆக்டேவ். இந்த நான்கு கணித மென்பொருள்களில் எது தேவைப்பட்டாலும், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில், ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாகவே போட்டுக்கொள்ளுங்கள், சோர்ஸை இறக்கி நீங்களே கம்பைல் செய்து மல்லுக்கட்ட வேண்டாம். பல கணித மென்பொருள்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும் சேஜ்மேத்துக்கு மட்டும் என் பதில் வேறு. அதற்குக் காரணம், மென்பொருளை டெபியனுக்கான பேக்கேஜாகக் கட்டிப் பராமரிப்பவர்களின் அலட்சியம் இல்லை, டெபியன் வேலை செய்யும் முறையே அப்படி.

முதலில் பாரி. எண்கோட்பாட்டுக்காக போர்தோவில் வளர்ந்த மென்பொருள் இது. டெபியனில் கணிதப் பேக்கேஜ் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பாரியை எழுதும் குழுவில் இருக்கும் ஒருவரே டெபியனிலும் அதைப் பராமரிக்கிறார், அதனால் மூலத் திட்டத்தில் என்ன நடக்கிறது என்பது டெபியன் பக்கம் தெரியாமல் போக வழியே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தரவுத் தொகுப்புகள் தனித்தனி பேக்கேஜ்களாக இருக்கின்றன. எலிப்டிக் வளைவுகளை '11ஏ1' என்று பெயர் சொல்லி அழைக்க வேண்டுமானால் பாரி-எல்டேட்டா வேண்டும். எட்டிலிருந்து பதினொன்று வரை படியுள்ள பல்லுறுப்புக்கோவையின் கால்வா குலத்தைக் கேட்டால் பாரி-கால்டேட்டா வேண்டும். இவை இல்லாவிட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும், புதிதாக வருபவர் மென்பொருளே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பேக்கேஜ் விவரிப்பில் இதை இன்னும் தெளிவாக, ஒரு உதாரணத்தோடு எழுதலாம். கேப்பிலும் இதே கதைதான், மையம் ஒரு பேக்கேஜ், நூலகங்கள் வேறு பேக்கேஜ்கள்.

அடுத்தது, டெபியன் செய்திருப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பிளாஸ். அணிப் பெருக்கல் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்கு ஆக்டேவ், பைத்தானின் நம்பை எல்லாம் இந்த நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. டெபியனில் ஆதார பிளாஸ், ஓப்பன்பிளாஸ், பிலிஸ் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற ஒரே கட்டளையில் எது வேண்டுமோ அதற்கு மாறிக்கொள்ளலாம். எதையும் திரும்ப கம்பைல் செய்ய வேண்டாம். ஆதார பிளாஸ் சாதாரண ஃபோர்ட்ரான் லூப்களால் ஆனது, ஓப்பன்பிளாஸ் உங்கள் சிபியு எது என்று ஓடும்போதே பார்த்து அதற்கேற்ற நிரலை எடுத்துக்கொள்கிறது, எல்லா கோர்களையும் பயன்படுத்துகிறது. பெரிய அணி ஒன்றைப் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் பல மடங்கு. ஆக்டேவ் மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது சேஜ்மேத். 2005-இல் தொடங்கிய இந்தத் திட்டம் பாரி, கேப், சிங்குலர், மேக்சிமா, ஃபிளிண்ட் என்று பல மென்பொருள்களைப் பைத்தான் வழியாக ஒன்றாக இணைக்கிறது. மூலத் திட்டம் தனக்கு வேண்டிய பதிப்புகளைத் தானே கூடவே எடுத்துவருகிறது. டெபியன் கொள்கையோ ஒரே நூலகத்தின் நகல்களை ஆளுக்கொன்றாக உள்ளே வைத்துக்கொள்ளாதே, எல்லோரும் ஒன்றையே பகிர்ந்துகொள் என்கிறது. அந்தக் கொள்கை சரி என்றுதான் நான் உறுதியாகச் சொல்வேன். பெரிய எண்களைக் கணக்கிடும் ஜிஎம்பி நூலகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் எல்லாமும் அந்தத் திருத்தத்தைப் பெறுகின்றன. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் பராமரிப்பவர். 2023-இல் ஃபிளிண்ட் 3.0 வந்தபோது ஆர்ப், ஆன்டிக், கால்சியம் என்ற மூன்று தனி நூலகங்களும் அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டன. அதுவரை ஆர்ப்பைத் தனி நூலகமாக இணைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு பேக்கேஜையும் தேடிப் பிடித்து, ஹெடர் பெயர்களை மாற்றி, பேட்ச் போட்டு, மறுபடி பில்டு செய்து, சோதனைகள் தேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இப்படி ஒன்று முடிவதற்குள் சிங்குலர் ஒரு படி முன்னால் போயிருக்கும்.

இதுபோன்ற வேலைகளால்தான் 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இல் சேஜ் 9.5 இருந்தது. மூலத் திட்டமோ அதற்கு முந்தைய மாதமே 10.0-ஐ வெளியிட்டிருந்தது. ஸ்டேபிள் என்பதால் அந்தப் பதிப்பு அப்படியே உறைந்துவிட்டது. பாடம் நடத்த, பழைய கணக்குகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்க அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. புதிய வசதி ஏதாவது தேவைப்படும் ஆராய்ச்சி என்றால் டெபியனுக்கு வெளியே இருக்கும் காண்டா-ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து தனிச் சூழலில் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் டெபியனிலேயே இருக்கட்டும். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பை சிஸ்டம் பைத்தானோடு கலக்காதீர்கள். டெபியன் 12 முதல் அதுவே தடுத்துவிடும், அந்தத் தடையை மீற வழி தேடாமல் வென்வ் என்ற தனிப் பைத்தான் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்வதுதான் நல்லது.

லைசென்ஸ் விஷயத்தில் டெபியன் காட்டும் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். வரைபுகளின் சமச்சீரைக் கண்டுபிடிக்கும் நௌட்டி பல ஆண்டுகள், கட்டற்ற மென்பொருள் அல்லாதவற்றுக்கான நான்-ஃப்ரீ பகுதியில்தான் இருந்தது, ராணுவப் பயன்பாட்டை அதன் பழைய லைசென்ஸ் தடுத்ததால். அப்புறம் 2.6 பதிப்பிலிருந்து அப்பாச்சி லைசென்ஸுக்கு மாறியது, தடையும் நீங்கியது.

வெளியே தெரியாத வேலை ஒன்று இருக்கிறது, பராமரிப்பின் தரத்தை நான் அளப்பது அதை வைத்துத்தான். டெபியன் ஒரே ஒரு வகைக் கணினிக்காக பில்டு செய்வதில்லை. ஐபிஎம் மெயின்பிரேம்களுக்கான எஸ்390எக்ஸ் பிக் எண்டியன், பைட்டுகளின் வரிசையே தலைகீழ். 32 பிட் பிசிக்களுக்கான ஐ386-இல் பழைய மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்கள் 80 பிட், அதனால் விடையின் கடைசி இலக்கம் மட்டும் மாறி வரலாம். சோதனை தோற்றால் பராமரிப்பவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்: இது வெறும் ரவுண்டிங் வித்தியாசமா, அல்லது நிரலில் உண்மையிலேயே பிழையா? சகிப்பு வரம்பை ஒரு பேட்ச்சில் தளர்த்திவிட்டுப் போவது சுலபம். ஆனால் அப்படித் தளர்த்திய வரம்புக்குள் உண்மையான பிழை ஒன்று ஒளிந்துகொண்டால், தவறான விடை சத்தமில்லாமல் யாரோ ஒருவருடைய ஆய்வுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கணிதமும் தெரிந்து, கம்பைலரும் தெரிந்து, இதற்கு நேரமும் ஒதுக்கக் கூடியவர்கள் ரொம்பக் குறைவு, இந்த வேலையில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள்.

ஆகவே பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விடை தவறாக வந்தால் டெபியனுக்குப் பிழையை அறிவிக்கும் ரிப்போர்ட்பக் கட்டளையைத் தட்டுங்கள். அது பேக்கேஜ் பதிப்பையும் அது சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்புகளையும் தானே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் எழுத வேண்டியது மூன்றே விஷயம்: பிழையைக் காட்டும் மிகச் சிறிய உள்ளீடு, வந்த விடை, அது ஏன் தவறு என்பதற்கான காரணம். எந்த பிளாஸ் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் குறிப்பிட்டால் இன்னும் நல்லது.