அராடோ 196, 1/32 மாதிரி: அலமாரியில் சில ஆண்டுகள் நின்ற பிறகு தெரிபவை

அராடோ 196 என்பது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் கடல் விமானம்; சக்கரங்களுக்குப் பதில் இரண்டு மிதவைகளில் நிற்கும். அதன் மாதிரியில் நாளானதும் முதலில் விட்டுப்போவது மிதவைத் தண்டுகளின் ஒட்டுதான். சக்கரத்தில் நிற்கும் விமான மாதிரியில் எடை மூன்று குட்டைக் கால்களில் இறங்கிவிடும். இங்கே உடல், இறக்கை, எஞ்சின் அத்தனையும் தீக்குச்சிப் பருமனுள்ள பிளாஸ்டிக் தண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஓயாத சுமை இருந்தால் பாலிஸ்டைரீன் மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும். வெயில் விழும் ஜன்னலோரம் என்றால் இன்னும் சீக்கிரம். ஒரு மிதவை அரை மில்லிமீட்டர் இறங்கினால் போதும், இரு இறக்கை நுனிகளுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு பளிச்சென்று தெரியும். எனவே இந்தக் கிட்டில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் காக்பிட் அல்ல, மிதவைகள்.

அசல் விமானத்தின் இறக்கை விரிவு சுமார் 12.4 மீட்டர், நீளம் 11 மீட்டர். 1/32 அளவில் இது 387 மில்லிமீட்டர் அகலம், 344 மில்லிமீட்டர் நீளம். வாங்கும் முன்பே அலமாரியை அளந்துவிடுங்கள். இடம் போதாதவர்களுக்கு 1/48 அளவில் 258 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். கப்பலில் அடுக்கி வைப்பதற்காக அசலின் இறக்கைகள் பின்னோக்கி மடங்கும். மாதிரியையும் அப்படிச் செய்யலாம். ஆனால் மடியும் மூட்டில் பிடிமானம் குறைவு, தூக்கும்போதெல்லாம் அசையும். மடிப்பதா விரிப்பதா என்பதை இறக்கைப் பாதிகளை ஒட்டும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

எந்த வகையைக் கட்டுகிறோம் என்பதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஏ-1இல் இறக்கைப் பீரங்கி கிடையாது. ஏ-2 முதல்தான் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 20 மி.மீ. எம்ஜி எஃப்எஃப் பீரங்கிகளும் முன்பக்கம் ஒரு 7.92 மி.மீ. எம்ஜி 17 துப்பாக்கியும் வந்தன. ஏ-3 என்பது கட்டமைப்பு வலுவூட்டப்பட்ட வகை. ஏ-5இல் பின்னிருக்கைத் துப்பாக்கி இரட்டைக்குழல் எம்ஜி 81இசட் ஆனது. 1939 டிசம்பரில் ரிவர் பிளேட் கடற்சண்டையில் இருந்த கிராஃப் ஷ்பீ என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் விமானம் ஏ-1. ஏ-3 கிட்டை வைத்துக்கொண்டு அந்தக் கப்பலுக்கான டீக்காலை (சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டினால், பீரங்கிக் குழல்களை நீக்கி, துளைகளை அடைத்துத் தேய்த்தாக வேண்டும். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

இனி மிதவைகள். இரு பாதிகளையும் ஒட்டியபின் தையல் கோட்டைப் புட்டியால் நிரப்புவதைவிட சூப்பர் க்ளூவால் நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் தேய்ப்பது நல்லது. புட்டி உலர்ந்து சுருங்கும். பெயின்ட் அடித்துப் பல மாதங்களுக்குப் பிறகு மெல்லிய பள்ளமாக மேலே தெரியும். சூப்பர் க்ளூ அப்படிச் சுருங்குவதில்லை, ஆனால் மறுநாள்வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். பிறகு தேய்த்தால் பக்கத்துப் பிளாஸ்டிக்தான் கரையும். 400, 800, 1200 என்ற வரிசையில் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு. மிதவையின் அடிக்கூர் மழுங்கிவிடாமல் இருக்க, தாளை விரலில் சுற்றாமல் தட்டையான குச்சியில் ஒட்டித் தேய்க்க வேண்டும்.

கிட்டில் தண்டுகளின் முனைக்குக் கொடுத்திருக்கும் குமிழை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் 0.8 மில்லிமீட்டர் துளை போட்டு, அதே பருமனுள்ள பித்தளைக் கம்பியை 5 மில்லிமீட்டர் உள்ளேயும் 4 மில்லிமீட்டர் வெளியேயும் இருக்கும்படி செருகுங்கள். மிதவையில் அந்தக் கம்பி இறங்கும் இடத்துக்கு உட்புறமாக, பாதிகளை மூடும் முன்பே, ஒரு துண்டு 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி வையுங்கள். மெல்லிய மேல்தோலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பி நாளடைவில் துளையை அகலமாக்கிவிடும்.

கோணத்துக்கு ஜிக் (ஒட்டு காயும்வரை பாகங்களைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் சட்டம்) கட்டாயம். ஃபோம் போர்டில் நடுக்கோடு போட்டு, வரைபடத்தில் உள்ள மிதவை இடைவெளியை இருபுறமும் சமமாகக் குறித்து, மிதவை உட்காரும் பள்ளங்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், முப்பது நிமிட எபாக்ஸிதான் சரி; எல்லாத் தண்டுகளையும் ஒரே மூச்சில் வைத்து, ஒன்றுக்கொன்று சரிசெய்ய அவகாசம் வேண்டும். முன்னாலிருந்து பார்த்து இரு இறக்கை நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரமா, பின்னாலிருந்து பார்த்து வால் இறக்கை அதற்கு இணையா, செங்குத்து வால் மூலைமட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பிறகு இருபத்து நான்கு மணி நேரம் தொடாதீர்கள்.

தண்டுகளுக்கு நடுவே வரும் இழுகம்பிகளுக்கு என்ன பயன்படுத்துவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நைலான் நூல் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி நீளும், தொய்யும். எலாஸ்டிக் நூல் விறைப்பாகவே நிற்கும், ஒட்டுவதும் எளிது. ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துடைத்தால் அறுந்துவிடும். நீண்டகாலத்துக்கு மிகச் சிறந்தது 0.15 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பி. டிவைடரால் இடைவெளியை அளந்து, அதே நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் துளி வெள்ளைப் பசை வைத்துப் பொருத்தினால் போதும். அது தண்டுகளை இழுப்பதே இல்லை. வாலுக்குப் போகும் ஏரியலுக்கு (ரேடியோ கம்பிக்கு) மட்டும் எலாஸ்டிக் நூல். கைபட்டால் வளைந்துவிட்டுத் திரும்பும்.

எஞ்சின் பிஎம்டபிள்யூ 132, ஒன்பது சிலிண்டர் ரேடியல். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக 18 ஒயர். 0.3 மில்லிமீட்டர் ஈயக் கம்பி சொன்னபடி வளையும். காக்பிட்டில் இரும்புக் குழாய்ச் சட்டகம் நீண்ட கண்ணாடி வழியே நன்றாகத் தெரிவதால், அச்சுக் கோடுகளைச் சுரண்டி எடுப்பது மட்டும் முக்கியம். உட்புற நிறம் முந்தைய விமானங்களில் ஆர்எல்எம் 02, பிந்தையவற்றில் ஆர்எல்எம் 66 (ஆர்எல்எம் என்பது அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்).

கண்ணாடியை ஒட்ட சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவி உட்புறம் வெண்பனிபோலப் படியும். மூடிய காக்பிட்டுக்குள் அதை எடுக்க வழியில்லை. வெள்ளைப் பசை போதும். சட்டங்களுக்கு முதலில் உட்புற நிறம், அதன்மேல் வெளி நிறம் என்று அடித்தால் உள்ளிருந்து பார்க்கும்போதும் சரியாக இருக்கும்.

மேற்புறம் ஆர்எல்எம் 72, 73 என்ற இரண்டு கரும்பச்சைகள், அடிப்புறம் வெளிர்நீலமான 65. இந்த இரண்டு பச்சைகளின் வேறுபாடு மிகக் குறைவு. பெயின்ட் பாட்டிலில் உள்ளபடியே அடித்து மேலே மேட் வார்னிஷ் போட்டால், அலமாரி விளக்கில் ஒரே பச்சையாகத் தெரியும், கோணல்மாணலான வெட்டுக்கோடுகளுக்குப் பட்ட பாடு வீண். 72இல் பத்தில் ஒரு பங்கு வெளிர் மஞ்சள்பச்சை கலந்தால் இரண்டும் பிரிந்து நிற்கும், அளவு மீறாதீர்கள். முதலில் 65, பிறகு வெளிர்ந்த 72, கடைசியாக 73. லாக்கர் வகையை ஈரக்காற்றில் அடித்தால் வெளுத்துப்போகும். மழை நாளில் ஏர்பிரஷைத் தொடாமலிருப்பதே மேல்.

டீக்கால் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு. சொரசொரப்பான பரப்பில் ஒட்டிய டீக்கால் அன்று நன்றாகத்தான் தெரியும். ஓராண்டில் அடியில் சிக்கிய காற்று வெள்ளி நிறத்தில் பளபளக்கும்.

தேய்மானம் காட்டுவதில் ஒரு பெரிய பிழை அடிக்கடி நடக்கிறது. இந்த விமானத்தின் உடலில் முன்பகுதிதான் உலோகத் தகடு, பின்பகுதி துணி. துணியில் அலுமினிய வெள்ளிச் சுரண்டல் வராது. அதை இறக்கை வேர், மிதவையின் மேல்தளம், கௌலிங் (எஞ்சின் மூடி) விளிம்பு ஆகியவற்றோடு நிறுத்துங்கள். கப்பலில் இருந்தவற்றைவிட, கருங்கடல், ஏஜியன் கரையோரத் தளங்களில் வேலைசெய்த 125, 126 கடல் உளவுப் பிரிவுகளின் விமானங்களுக்கு உப்பும் வெயிலும் அதிகம் பொருந்தும். பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் இந்த விமானங்கள் நான்கு இருந்தன, கொட்டகைக்குள் வைக்கப்பட்டவை. அவற்றை வெளிறடிப்பது பொருந்தாது. உப்புக்கு மிக நீர்த்த வெளிர்சாம்பல் ஆயில் பெயின்ட், மிதவையின் நீர்மட்டக் கோட்டை ஒட்டி மட்டும்.

வைக்கும்போது மிதவையின் முனைகளைத் தாங்காமல், தண்டுகள் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே தாங்கும்படி தள்ளுவண்டியையோ மரக்கட்டையையோ அமையுங்கள். மாதிரியை அதில் ஒட்டிவிடாதீர்கள். தூக்குவது எப்போதும் இறக்கை வேரைப் பிடித்துத்தான். மிதவையைப் பிடித்துத் தூக்கினால் முழு எடையும் நெம்புகோலாகத் தண்டுகளில் விழும். தூசிக்கு அக்ரிலிக் பெட்டி. திறந்து வைத்திருந்தால் மாதம் ஒருமுறை மென்மையான மேக்கப் பிரஷ், மேலிருந்து கீழாக, இழுகம்பிகளை மட்டும் தொடாமல். அங்கே படிந்ததைக் காற்றுப் பந்தால் ஊதிவிடலாம்.