காரைக்குடி ஈயச்சொம்பு: மாசமான பெண் இருக்கும் வீட்டுக்கு ஆகுமா?

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஈயச்சொம்பு, பார்வைக்கு முழு மார்க். ரசம் வைக்க என்றால், நச்சு உலோகமான காரீயம் (லெட்) கலந்திருக்கிறதா என்று முதலில் சோதனை. அசல் வெள்ளீயத்தின் (டின்) அடர்த்தி மில்லிக்கு 7.3 கிராம், காரீயத்துக்கு 11.3. எடையை கிராமில் எடுத்து, நிரம்பிய வாளியில் முக்கி, வழிந்த தண்ணீரை மில்லியில் அளந்து வகுத்துப் பாருங்கள். 7.5 தாண்டினால் வாங்கவே வேண்டாம். ஐந்து சதவீதக் கலப்படம் இதில் சிக்காது. அதற்கு எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும்) கருவிதான். "பாட்டி காலத்துச் சொம்பு ஆச்சி" என்று கடைக்காரர் சொல்வது சான்று ஆகாது.

புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயத்தைக் கரைத்து இழுக்கும். அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்கும் போகும். எலும்பில் தங்கிய பழைய காரீயமும் கர்ப்பத்தில் கால்சியத்தோடு ரத்தத்துக்கு வரும். கால்சியம், இரும்புச்சத்து குறைந்தால் குடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் ரத்தக் கொழுப்பையும் மாற்றலாம் என்கின்றன ஆய்வுகள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு ஏறும். ஆகவே லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டை வைத்துச் சொம்பைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தேகமிருந்தால் டாக்டரிடம் ரத்தத்தில் காரீய அளவுக்கான பரிசோதனை கேளுங்கள். 5 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் என்றால் தொடர் கவனிப்பு வேண்டும்.